ஏமனுக்கு எந்த வழி? கூட்டுக் கிணற்றுக்காரன் போட்ட கணக்கு

தங்கச்சி மகள் கோயமுத்தூரில் அரசியல் அறிவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பும் கையுமாக வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். கல்லூரியில் மாதிரி ஐ.நா. சபை நடக்கப் போகிறதாம், பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பேசுவது. பொருள் ஏமன்: சண்டையில் சிதைந்து கிடக்கும் அந்த நாட்டை வெளிநாடுகள் எப்படித் தூக்கி நிறுத்துவது? இவளுக்கு வாய்த்தது இந்தியாவின் நாற்காலி. ஐந்து வரைவுத் தீர்மானங்கள் சுற்றில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் இந்தியா ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"ஏனுங் மாமா, செங்கடல் செங்கடல்னு அத்தன நாளு பொலம்புனீங்கள்ல. எதுல போடறதுன்னு நீங்களே சொல்லுங்."

புலம்பியது நிஜம்தான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்ப்பது என் வேலை. 2023 நவம்பர் 19ஆம் தேதி ஏமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து ‘கேலக்ஸி லீடர்’ கப்பலைப் பிடித்துக்கொண்டு போன வீடியோவை ஆபீஸே செல்போனில் பார்த்தது. அடுத்த மாதமே பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் பக்கம் போவதை நிறுத்தி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகிற எங்கள் பெட்டிகளுக்குப் பத்துப் பதினைந்து நாள் கூடிப்போனது. நாங்கள் எஃப்.ஓ.பி.யில் அனுப்புகிறவர்கள், கப்பல் வாடகை பையர் பாடு. அப்புறம் உங்களுக்கென்ன என்று கேட்கலாம். கோடை சீசனுக்குத் தைத்த குழந்தைகள் டீ-ஷர்ட் சீசன் பாதியில் போய் இறங்கினால் பையர் தள்ளுபடி கேட்பான், பணமும் தள்ளிப்போகும். நூல்காரருக்கும் டையிங்காரருக்கும் தவணை சொல்லிக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளத்துக்கு நிற்கிற டெய்லருக்கு என்ன தவணை சொல்வது?

சண்டையின் கதை சுருக்கமாக இதுதான். 2014 செப்டம்பரில் வடக்கு மலைப்பகுதி ஹூதிகள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சவூதி தலைமையிலான கூட்டணி, அரசாங்கத்துக்கு ஆதரவாக வானிலிருந்து அடிக்கத் தொடங்கியது. 2021 முடிய 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டது. அதில் சுமார் 60 சதவீதம் பேர் குண்டடி பட்டு இறந்தவர்கள் அல்ல. பசியிலும் நோயிலும் மருத்துவம் கிடைக்காமலும் போனவர்கள். அந்த 60ஐ அம்மிணியை அடிக்கோடு போட்டு வைக்கச் சொன்னேன். ஐந்து வரைவையும் அதை வைத்துத்தான் அளந்தோம்.

முதல் வரைவு, படையை அனுப்பு என்றது. இதைத் தள்ள ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏமனில் வெளிநாட்டுப் படை ஏற்கெனவே இறங்கி, வருஷக்கணக்கில் அடித்தும் சனாவை மீட்க முடியவில்லை. நமக்கே 1987 இருக்கிறது. ஜூலை 29இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாகி அமைதிப்படை போனது. அக்டோபரில் அந்தப் படையே புலிகளோடு சண்டையில் இறங்கியிருந்தது. 1990 மார்ச்சில் திரும்பி வருவதற்குள் நம் வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல் செத்துப்போனார்கள். அங்கே செத்த தமிழ்ச் சனத்தின் கணக்கு தனி. எங்கள் கம்பெனி பேக்கிங் செக்ஷனில் பவானிசாகர் பக்கத்து ஈழ அகதிகள் முகாமில் வளர்ந்த தம்பி ஒருவர் இருக்கிறார். டிவியில் ‘அமைதிப்படை’ என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் அப்பா எழுந்துபோய் அணைத்துவிடுவாராம்.

இரண்டாவது, தடைவிதி, தனிமைப்படுத்து, பயங்கரவாதப் பட்டியலில் சேர். பார்க்கச் சுளுவான வழி, யாரும் சாக வேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் பாதுகாப்பு சபை 2216ஆம் தீர்மானத்தில் இதைத்தான் செய்தது: ஹூதிகள் பிடித்த இடங்களை விட்டு வெளியேற வேண்டும், ஆயுதங்களைக் கொடுத்துவிட வேண்டும், அவர்களுக்கு ஆயுதம் போகக் கூடாது. நியாயம் எந்தப் பக்கம் என்ற கேள்வியை விடுங்கள். தீர்ப்பை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு வா என்று கூப்பிட்டால் எவன் வருவான்? அதற்கப்புறம் நடந்த பேச்சுகளில் எல்லாம் ஒரு தரப்பு அந்தக் காகிதத்தை நீட்டியது, மறு தரப்பு அதைப் பார்க்கவே மறுத்தது.

பட்டியலால் வரும் இன்னொரு சிக்கலையும் நாம் பக்கத்திலேயே பார்த்தவர்கள்தான். 2002 பிப்ரவரி 22இல் நார்வே நடுவில் நின்று இலங்கையில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. கண்காணிக்க வந்தவர்கள் ஐந்து நார்டிக் நாட்டுக்காரர்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உடனே புலிகள், ஒன்றியத்தில் இருக்கும் டென்மார்க், பின்லாந்து, சுவீடன் ஆட்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். வேடிக்கை பார்க்கவாவது இருந்த கண்கள் பாதிக்கு மேல் மூடிக்கொண்டன.

ஏமனில் அமெரிக்கா ஹூதிகளை 2021 ஜனவரியில் பட்டியலில் சேர்த்து, பிப்ரவரியில் எடுத்து, 2024இல் வேறொரு பட்டியலில் சேர்த்து, 2025 மார்ச்சில் பழைய பட்டியலுக்கே கொண்டுவந்தது. உணவுக்கு விலக்கு உண்டு என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் பேங்க்காரர்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை எங்கள் சரக்குப் போகும் வழியில் வில்லங்கமான ஒரு துறைமுகத்தின் பெயர் வந்ததற்கே மொத்த டாக்குமெண்டையும் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்ததோ கைக்குழந்தை ஜட்டி. பட்டியல் என்று வந்துவிட்டால் கோதுமை இறக்குகிற வியாபாரிக்கும் அதே கதிதான். அந்த 60 சதவீதத்தை இந்த வழி கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆயுதத் தடை மட்டும் இருக்கட்டும், மற்றதை விட்டுவிடு என்றேன்.

மூன்றாவது வரைவுதான் அம்மிணிக்குப் பிடித்தது. எல்லாத் தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, அரசியல் சட்டம் முதல் தேர்தல் வரை ஒரேயடியாகப் பேசி முடிப்பது. படிக்கிற பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் ஏமனில் இது நடந்து முடிந்த கதை. 2011 நவம்பரில், வளைகுடா நாடுகளின் ஏற்பாட்டில், அதிபர் சாலே வழக்கு வராது என்ற உறுதியை வாங்கிக்கொண்டு பதவி விலகச் சம்மதித்தார். பின்னால் 2013 மார்ச்சிலிருந்து 2014 ஜனவரி வரை சனாவில் தேசிய உரையாடல் மாநாடு நடந்தது. 565 பிரதிநிதிகள், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தெற்கத்தியவர்களுக்கும் தனி இடம். உலகமே மெச்சியது. மாநாட்டைத் தொடர்ந்து நாட்டை ஆறு பிராந்தியங்களாகப் பிரிக்கும் திட்டம் வந்தது. எட்டு மாதத்தில் ஹூதிகள் தலைநகருக்குள் வந்துவிட்டார்கள். கூடவே நின்றவர், விலகிப்போன அதே சாலே. (2017 டிசம்பரில் அவரையும் அவர்களே கொன்றார்கள்.) ஓட்டல் அரங்கில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே வடக்கில் துப்பாக்கிகளும் பேசிக்கொண்டுதான் இருந்தன.

"பாஸ்னியாவுல 21 நாள்ல முடிச்சாங்கள்ல மாமா?"

முடித்தார்கள். 1995 நவம்பரில், ஓஹையோவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் மூன்று தலைவர்களையும் ஏறக்குறைய அடைத்துவைத்து முடித்தார்கள். அதற்கு முன்னால் நேட்டோ குண்டு போட்டிருந்தது, பின்னால் சுமார் 60,000 பேர் கொண்ட படை போனது. ஏமனுக்கு அப்படி முதுகில் கைவைக்க இன்றைக்கு யாரும் தயாராக இல்லை. பாஸ்னியாவே அன்றைக்கு அவசரத்தில் எழுதின அரசியல் சட்டத்தை இன்னும் கழற்ற முடியாமல் சுமந்துகொண்டிருக்கிறது.

நான்காவது, சுற்றியிருக்கும் பெரிய வீடுகளைப் பேச வைப்பது. 2023 மார்ச் 10இல் பெய்ஜிங்கில் சவூதியும் ஈரானும் கை குலுக்கின. ஏப்ரலில் ஓமன்காரர்கள் கூட வர, சவூதித் தூதர் சனாவுக்கே போய் ஹூதிகளோடு உட்கார்ந்தார். முந்தின வருஷங்களில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இதில் ஓமனை நான் தனியாகப் பார்ப்பேன். ஏமனோடு எல்லை உள்ள நாடு, ஆனால் 2015 கூட்டணியில் சேரவில்லை. ஹூதிகளின் பேச்சாளர் பல வருஷமாக மஸ்கட்டில்தான் இருக்கிறார். சத்தம் போடாமல் இரண்டு பக்கமும் காபி கொடுக்கிற வீடு என்று ஊருக்கு ஒன்று இருக்குமே, அது.

ஆனால் இந்த வழியில் சண்டைக்காரர்களில் பாதிப்பேர் வெளியே நிற்கிறார்கள். சவூதி பேசுகிறது, ஈரான் பேசுகிறது; சனாவை இழந்து தெற்கே ஏடனில் இருக்கும் அரசாங்கம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறது. 2025 மே 6இல் ஓமன் நடுவில் நின்று அமெரிக்காவுக்கும் ஹூதிகளுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆனது. அமெரிக்கக் கப்பலைத் தொட மாட்டோம் என்றார்கள். ஜூலையில் ‘மேஜிக் சீஸ்’, ‘எடர்னிட்டி சி’ என்ற இரண்டு சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். பெரியவர் தன் வீட்டுக்கு மட்டும் சமாதானம் பேசிக்கொண்டால் தெருவில் போகிற மற்றவர்கள் கதி அதுதான். என் பெட்டிகளும் ஆப்பிரிக்காவையேதான் சுற்றின.

ஐந்தாவது வரைவின் தலைப்பைப் பார்த்தாலே கொட்டாவி வரும்: நம்பிக்கை வளர்க்கும் பொருளாதார, மனிதாபிமான நடவடிக்கைகள். கைதிகள், சம்பளம், சாலை, விமானம், துறைமுகம் என்று ஒவ்வொன்றாகப் பேசுவது. நான் விரல் வைத்தது இதில்தான். அம்மிணி முகம் சுளித்தாள். "இதுல சண்டை எங்கிங் மாமா நிக்குது?"

அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கிணறு கூட்டுக் கிணறு. எனக்குப் பாதி, பங்காளிக்குப் பாதி. இரண்டு நாள் எங்கள் முறை, இரண்டு நாள் அவர்கள் முறை. வண்டித்தடம் சம்பந்தமாக எங்கப்பாரு (தாத்தா) காலத்தில் தொடங்கின தகராறு, அப்பா காலத்தில் கேஸாகி, இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. ஆனால் போன சித்திரையில் மோட்டார் காயில் எரிந்தபோது மூன்றாம் நாள் காயில் கட்டியாகிவிட்டது, கூலி ஆளுக்குப் பாதி. யாரும் யாரோடும் பேசவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிச் சாவி முக்கு டீக்கடைக்காரரிடம் இருக்கிறது, ரசீதையும் பணத்தையும் அவரிடமே கொடுத்து வாங்கிக்கொண்டோம். கேஸ் முடிந்தபிறகுதான் மோட்டார் என்று இருந்திருந்தால் இரண்டு பக்கத் தென்னையும் காய்ந்திருக்கும்.

பெரிய அளவிலும் இது நடப்பதுதான். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தை 30 வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். முதல் தவணை 1988இல் வந்தது. கேரளமும் நாமும் எத்தனையோ சுற்றுப் பேசியும் அது முடிந்தபாடில்லை. இருந்தாலும் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது.

ஏமனில் இதுவரை ஏதாவது நகர்ந்திருக்கிறது என்றால் இந்த மாதிரித்தான் நகர்ந்திருக்கிறது. 2020 அக்டோபரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இரண்டு பக்கமும் வீடு திரும்பினார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி ஏறக்குறைய 900 பேர். ஐ.நா.வுக்கு வெளியே, பழங்குடிப் பெரியவர்கள் பேசி மாற்றிக்கொண்ட கைதிகள் தனி. 2016இல் தொடங்கின, கடத்தப்பட்டவர்களின் தாய்மார்கள் சங்கம் சிறை வாசல்களில் பெயர்ப் பட்டியலோடு நின்று எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறது.

அப்புறம் ‘சேஃபர்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல். ஏமனின் ஹொதைதா துறைமுகப் பக்கம் கடலில் 11 லட்சம் பீப்பாய்க்கும் மேல் கச்சா எண்ணெயோடு துருப்பிடித்து நின்றது. உடைந்தால் செங்கடல் மீன்பிடிப்பே போயிற்று. இரண்டு தரப்பும் சம்மதிக்க, ஐ.நா. நன்கொடை வசூலித்து வேறொரு கப்பலை வாங்கி, 2023 ஆகஸ்ட் 11இல் எண்ணெயை மாற்றி முடித்தது. எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏமனின் தாயிஸ் நகரத்து ரோடு. ஊர் இருப்பது அரசாங்கத்தின் கையில், ஊருக்குக் கிழக்கே ஹவ்பான் ஹூதிகளின் கையில். கால் மணி நேரப் பயணம், சண்டைக்கு அப்புறம் மலைப்பாதையில் சுற்றிப் பல மணி நேரம். பிரசவத்துக்குப் போகிறவர்களும் அந்த வழிதான். 2018 சுவீடன் பேச்சில் தாயிஸுக்கு என்று ஒரு காகிதம் எழுதினார்கள், ஒரு கல்லும் நகரவில்லை. 2022இல் மறுபடி பேசினார்கள், நகரவில்லை. 2024 ஜூனில் உள்ளூர் ஆட்கள் நடுவில் நின்று பேசி, ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த ரோடு திறந்தது. வண்டித்தடத்துக்கு மூன்று தலைமுறையாகக் கோர்ட் ஏறுகிறவன் இதை எப்படிப் படித்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "ஆனா சின்னச் சின்ன டீலா போட்டா, துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கு அது ரெஸ்ட்டு மாதிரி ஆயிராதுங்?"

ஆகும், ஆகியிருக்கிறது. 2018 டிசம்பர் 13 ஸ்டாக்ஹோம் உடன்பாடு ஹொதைதா துறைமுகத்தின் மேல் விழ இருந்த பெரிய தாக்குதலை நிறுத்தியது. ஏமனுக்குள் வரும் சாப்பாட்டில் பெரும்பங்கு இறங்குகிற இடம் அது. அந்த ஒன்றுக்காகவே அதை மதிக்கலாம். ஆனால் அந்த மாதமே ஹூதிகள் துறைமுகத்தைக் கடலோரக் காவலிடம் ஒப்படைத்துவிட்டோம் என்றார்கள். ஒப்படைத்தவனும் வாங்கினவனும் ஒரே ஆள், சட்டைதான் வேறு என்றது அரசாங்கம். கண்காணிக்க வந்த ஐ.நா. குழுவுக்குப் பிற்பாடு நம் ராணுவத்தின் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் அபிஜித் குஹாவும் தலைமை வகித்தார். எதிராளி மண்ணில் கால்வைக்க யாரும் சம்மதிக்காததால், 2019 பிப்ரவரியில் செங்கடலில் நங்கூரம் போட்ட ஐ.நா. கப்பலில் வைத்து இரண்டு பக்க அதிகாரிகளும் பேசினார்கள். துறைமுகம் தப்பியது. ஆனால் அங்கே மிச்சமான ஹூதிகளின் படை பின்னால் அரசாங்கத்தின் கையில் இருந்த மாரிப் பக்கம் திரும்பியது.

2022 ஏப்ரல் 2 போர்நிறுத்தமும் அப்படித்தான். இரண்டு மாதத் தவணை, இரண்டு தடவை நீட்டிப்பு. சனாவிலிருந்து ஜோர்டானின் அம்மானுக்கு விமானம் பறந்தது, ஹொதைதாவுக்கு எரிபொருள் கப்பல் வந்தது. அக்டோபர் 2இல் புதுப்பிக்காமல் போனதற்குக் காரணம் சம்பளம். 2016இல் அரசாங்கம் மத்திய வங்கியை ஏடனுக்கு மாற்றியதிலிருந்து ஹூதிகள் பகுதியில் வாத்தியாருக்கும் நர்ஸுக்கும் ஒழுங்கான சம்பளம் இல்லை. அதைக் கொடு என்றார்கள், கூடவே தங்கள் ஆயுதம் தாங்கியவர்களுக்கும் சேர்த்துக் கொடு என்றார்கள். அந்த மாதமே அரசாங்கத்தின் எண்ணெய்த் துறைமுகத்தில் ஹூதிகளின் டிரோன் விழுந்தது. எண்ணெய் ஏற்றுமதி நின்றது. சம்பளம் கொடுக்க இருந்த பணமும் அதோடு போயிற்று.

அதனால் ஐந்தாவது வரைவை அப்படியே ஏற்காதே, இரண்டு திருத்தம் சேர் என்றேன். ஒன்று, ஒவ்வொரு சின்ன உடன்பாட்டுக்கும் சாவி வைத்திருப்பவர் யார் என்று பெயர் போட்டு எழுத வேண்டும். விமானத்துக்கும் கைதிகளுக்கும் ஓமன், சம்பளக் கணக்குக்கு இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் ஒரு வங்கி, கூரையாக ஐ.நா. இரண்டு, தவணைத் தேதி. போர்முனையை வேறு பக்கம் திருப்பினால் எந்த வசதி எந்த நாளில் நிற்கும் என்பது முதலிலேயே தெரிய வேண்டும். நான்காவது வரைவின் நல்ல பாதி இதற்குள் வந்துவிடும். மூன்றாவதைத் தூக்கி எறிய வேண்டாம், கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் ஐ.நா. தூதர் ஹான்ஸ் குருண்ட்பெர்க் அறிவித்த பாதைத் திட்டமும் கிட்டத்தட்ட இந்த வரிசைதான்: போர்நிறுத்தம், சம்பளம், எண்ணெய் ஏற்றுமதி, ரோடு, அப்புறம் அரசியல். செங்கடல் சண்டை அதற்குக் குறுக்கே விழுந்தது.

இந்தியாவுக்கு இதில் என்ன வேலை? 2015 ஏப்ரலில் ‘ஆபரேஷன் ராஹத்’தில் நம் ஆட்கள் சுமார் 4,640 பேரோடு 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் வெளியே கொண்டுவந்தோம். குண்டு போடுகிறவரிடமும் கேட்டு, கீழே இருப்பவரிடமும் கேட்டுத்தான் அது நடந்திருக்கும். 2024 ஜூலை 23இல் ஏடன், சனா இரண்டு பக்கத்து மத்திய வங்கிகளின் சண்டையை நிறுத்த இரண்டு தரப்பும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தபோது, சனாவிலிருந்து ஜோர்டானுக்குத் தினம் மூன்று விமானம், கெய்ரோவுக்கும் இந்தியாவுக்கும் தினமும் அல்லது தேவைக்கேற்ப என்று எழுதினார்கள். சிகிச்சைக்கு வருகிறவர்கள் இங்கேதானே வருகிறார்கள். 2025 மே 28இல் சனாவில் மிச்சமிருந்த ஒரே பயணிகள் விமானத்தையும் இஸ்ரேல் குண்டு போட்டு அழித்தது. அந்த விமானப் பாதையை மறுபடி திறக்க இந்தியா முன்னால் நிற்கலாம், அதற்குப் படையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம் என்று எழுதச் சொன்னேன். அந்த வரியை மட்டும் எந்தத் தகராறும் பண்ணாமல் சேர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"மாமா, சவூதி ஒத்துக்க மாட்டேங்குது. சம்பளம்னா 2014 பட்டியல்ல இருக்கற பேருக்கு மட்டுந்தான், அதுக்கப்பறம் ஹூதிக சேர்த்த ஆளுக்கு ஒத்தைப் பைசா கிடையாதுங்கறான்."

விவரமான பையன். நிஜ ஏமனிலும் அரசாங்கம் அந்த 2014 பட்டியலில்தான் நின்றது.

"சவூதி யாரு அம்மிணி?"

"பெருந்துறைப் பையன் மாமா. ஈரான் எங்க ஹாஸ்டல் புள்ள. ரெண்டு பேருக்கும் ஆகாது, போன செமஸ்டர்ல இருந்து பேச்சே இல்லீங்."

"அப்பச் சபைல வெச்சுக் கேக்காத. காலைல கேன்டீன்ல ரெண்டு பேரையும் தனித்தனியாப் பாரு. மொதல்ல வாத்தியாரும் நர்ஸும் மட்டும், 2014 பட்டியல்படி, ஆறு மாசத்துக்குன்னு கேளு. துப்பாக்கிக்காரன் பேச்சையே எடுக்காத."

"ஈரான் சும்மா இருக்குமுங்களா?"

"அந்தப் புள்ளைக்கு அந்த விமானத்தைக் காட்டு."